கார் கம்பெனி விளையாட்டு: அனுப்பும் செலவில் லாபம் கரையாமல் காப்பது எப்படி?

கியர்சிட்டி போன்ற கார் தயாரிப்புக் கணினி விளையாட்டுகளில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். கார் நன்றாக விற்கிறது; மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தால் பணம் இல்லை. என் முதல் ஆட்டமும் அப்படித்தான் முடிந்தது. டெட்ராய்ட்டில் ஒரே ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ், லண்டன் என்று கிளைகளைத் திறந்துகொண்டே போனேன். விற்கும் விலையையும் உற்பத்திச் செலவையும் மட்டும் பார்த்தேன். வழிச் செலவைப் பார்க்கவில்லை.

படி 1: ஊர்வாரியாக அடக்க விலை எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வரி: உற்பத்திச் செலவு, அனுப்பும் செலவு, இறக்குமதி வரி இருந்தால் அதுவும். மூன்றையும் கூட்டினால் வருவதுதான் அந்த ஊரில் உங்கள் காரின் உண்மையான அடக்கம்.

உதாரணத்துக்கு நானே சில எண்களை வைக்கிறேன். உங்கள் ஆட்டத்தில் திரை காட்டும் தொகையைப் போட்டுப் பாருங்கள். காரை உருவாக்க 500 டாலர், விற்பது 650. டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ நேர்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர். அனுப்ப 15 டாலர் என்றால் கையில் 135 நிற்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 3,200 கிலோமீட்டர்; 120 டாலர் போனால் மிச்சம் 30. அந்த முப்பதில்தான் கிளைச் சம்பளம், விளம்பரம் எல்லாம். கட்டுப்படியாகாது.

படி 2: எந்தக் கார் எவ்வளவு தூரம் போகலாம்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். காரின் விலை எதுவானாலும் தூரத்துக்கான கூலி ஏறத்தாழ ஒன்றுதான். 650 டாலர் காருக்கு அந்த 120 பெரும் சுமை. 2,000 டாலருக்கு விற்று 500 லாபம் தரும் சொகுசுக் காருக்கோ தாங்கக்கூடிய செலவு. அதனால் மலிவுக் காரைத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள நகரங்களில் விற்றுத் தீருங்கள். தொலைதூரக் கிளைகளுக்கு விலை உயர்ந்ததை மட்டும் அனுப்புங்கள்.

படி 3: முதல் கிளைகள் பக்கத்திலேயே

டொலிடோ, கிளீவ்லாந்து, சிகாகோ என்று வட்டம் போட்டு விரியுங்கள். நஷ்டத்தில் ஓடும் தூரத்துக் கிளையை மூடத் தயங்காதீர்கள்.

படி 4: இரண்டாவது தொழிற்சாலை எப்போது?

தொலைவில் விற்பனை பெருகிவிட்டது என்று வையுங்கள். அங்கேயே தொழிற்சாலை போட்டால் காருக்கு 100 டாலர் அனுப்பும் செலவு மிச்சம். அந்தத் தொழிற்சாலையை நடத்த மாதம் 15,000 டாலர் செலவு. வகுத்துப் பார்த்தால் 150. அந்த வட்டாரத்தில் மாதம் 150 கார் விற்கும் வரை பொறுத்திருங்கள். கட்டுமானச் செலவைத் திரும்ப எடுக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாக விற்றாக வேண்டும்.

ஃபோர்டு நிறுவனமும் இதே கணக்கைத்தான் போட்டது. 36 அடி ரயில் பெட்டியில் முழுதாகப் பொருத்திய கார் உடல்கள் 7 மட்டுமே அடங்கின; பாகங்களாகப் பிரித்து அடுக்கியபோது 130 அடங்கின. பொருத்தும் வேலையை விற்பனை ஊர்களின் கிளைகளுக்கே விட்டுவிட்டார்கள். இங்கிலாந்துக்கு மான்செஸ்டர் அருகே டிராஃபோர்டு பார்க்கில் 1911இல் ஆலை வந்தது. விளையாட்டில் காரைப் பிரித்து அனுப்ப வழி இல்லாவிட்டாலும், வாங்குபவருக்கு அருகில் ஆலை வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

படி 5: வரியையும் தூரமாகவே எண்ணுங்கள்

ஃபோர்டின் கனடா நிறுவனம் 1904இல் அந்நாட்டின் எல்லை ஊரான வாக்கர்வில்லில் தொடங்கியது. டெட்ராய்ட்டுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆறுதான். பிறகு எதற்குத் தனி ஆலை? கனடாவுக்குள் நுழையும் காருக்கு அன்று 35 சதவீத வரி. வரைபடத்தில் விரல் அகலத் தூரம், கணக்கில் கண்டம் தாண்டிய தூரம்! பிரிட்டனும் 1915இல் இறக்குமதிக் கார்களுக்கு 33⅓ சதவீத வரி போட்டது. வரலாற்றை ஒட்டிப் போகும் ஆட்டமானால் 1914 நெருங்கும்போதே ஐரோப்பியக் கிளைகளின் வரிகளை நோட்டில் மறுபடி சரிபாருங்கள். முதல் உலகப் போர் வந்தால் சந்தையே அடைபடலாம்.

புதிய ஆலை ஓடத் தொடங்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும், பலர் மறப்பது: எந்த ஆலை எந்தக் கிளைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துவிடுவது. இல்லையென்றால் மான்செஸ்டரில் செய்த கார் சிகாகோவுக்கும், டெட்ராய்ட் கார் லண்டனுக்கும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருக்கும். பிரித்த பிறகு ஒரு மாதம் ஓட்டுங்கள். கணக்கில் அனுப்பும் செலவு குறையாவிட்டால், பிரித்ததில் ஏதோ ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறது. அதைத் தேடிப் பிடியுங்கள்.