ஊருக்குப் போகும் பெட்டியில் மருந்து: போகும்போதும் திரும்பும்போதும்

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டில் உள்ள ஊருக்குப் புறப்படும் வாரத்தில் முஸ்தஃபா கடையில் வாங்கும் சாமான்களில் பனடாலும் கோடாலித் தைலமும் தவறாமல் இருக்கும். நமக்கு வேண்டிய மருந்தைத்தான் கடைசி இரவில் கைக்கு அகப்பட்ட டப்பாவில் கொட்டி, பெரிய பெட்டியின் ஓரத்தில் செருகுகிறோம். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலே மாத்திரை தவறிவிடும். டப்பாவில் கொட்டிய மாத்திரை எது என்று ஊர் மருத்துவருக்கும் தெரியாது, சுங்க அதிகாரிக்கும் தெரியாது.

பலதுறை மருந்தகத்தில் தரும் பிளாஸ்டிக் பையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் உங்கள் பெயர், மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை எல்லாம் அச்சாகியிருக்கும். எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். தங்கும் நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது. மருந்துச் சீட்டையும் பைகளையும் கைப்பேசியில் படம் எடுத்து, உடன் வருபவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

இன்சுலின் பெரிய பெட்டியில் போகவே கூடாது. சரக்கு அறையின் குளிரில் அது உறைந்து போகலாம். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வேலை செய்யாது. ஐஸ் பையை அதன்மேல் நேராகப் படவிடாமல் துணியில் சுற்றி வையுங்கள். பிரிக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். மே மாதத்துத் திருச்சியில் மதியம் கூடத்து அலமாரியே 30 டிகிரியைத் தாண்டிவிடும், வெயிலில் நிற்கும் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்கும் முறை

மருந்து தீர்ந்துவிட்டால் பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஒரே மூலப்பொருள் பல பெயர்களில் விற்கிறது. அதைவிடச் சிக்கல், ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்ந்தால் மருந்தே வேறாகிவிடுவது. சர்க்கரை நோய்க்கான கிளைக்கோமெட் 500 என்பது மெட்ஃபார்மின் மட்டும். கிளைக்கோமெட் ஜிபி 1 என்பதில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிற முதியவர் ஜிபியை வாங்கி விழுங்கிவிட்டு, கோயில் வரிசையில் மதியம் வரை சாப்பிடாமல் நின்றால் சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கி விழக்கூடும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. ஊரில் அதே வேலைக்கு அதிகம் புழங்குவது அசிட்ரோம். அது அசெனோகூமரால், வார்ஃபரின் இல்லை. ஒரு மில்லிகிராமுக்கு அதன் வீரியமும் அதிகம். 3 மில்லிகிராம் வார்ஃபரினுக்குப் பதில் 3 மில்லிகிராம் அசிட்ரோம் என்று மாற்றினால் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியலாம், மூளைக்குள்ளும் கசியலாம்.

இன்சுலின் ஊசியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இன்சுலின்தான் வழக்கம். இந்தியாவில் குப்பியில் வருவதில் 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு, இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு. 40க்கு உரியதன் மூடி சிவப்பு, 100க்கு உரியது ஆரஞ்சு. சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோன 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால், அதாவது ஊரில் வாங்கிய 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், போவது 8 யூனிட்தான். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 100 யூனிட்தான் என்பதால் பேனா பழகியவர்கள் பேனாவையே, ஊசி முனைகளோடு, போதிய அளவு கொண்டுபோவது நல்லது.

அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் பலவற்றிலும் அந்தக் கோடு உண்டு. 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள எச்1 என்ற கூடுதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வீரியமான ஆன்டிபயாட்டிக், பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம், கடும் வலிக்கான டிரமடால் போன்றவை இருக்கின்றன. இவற்றை விற்கும் கடைக்காரர் வாங்குபவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டே கேட்காமல் எடுத்து நீட்டும் கடையும் உண்டு. அப்படிப்பட்ட கடையில் காலாவதி தேதியையும் ஒரு முறை பாருங்கள்.

“உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க” என்று கேட்டால் அட்டையிலிருந்து கத்தரித்த நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. அதில் உள்ள சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம். அப்படி இருந்தால் மறுநாளே வலி பறந்துவிடும், சர்க்கரையும் ஏறிவிடும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு சிங்கப்பூர் திரும்பியதும் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் உடனே சுரக்காது. வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தச் சரிவு என்று முடியும். படர்தாமரைக்குக் கடையில் தரும் கலவைக் களிம்பும் இந்த ரகம்தான். அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை மேலும் பரவும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குழந்தைகள்

காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மூன்றும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். “ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்” என்று உறவினர் நமக்காகக் கேட்பார்கள். அந்த ஊசி டைக்ளோஃபெனாக்காக இருக்கலாம், என்ன மருந்து என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 சோதனை செய்துகொள்ளலாம். நிமசுலைடு என்ற காய்ச்சல், வலி மாத்திரையை எழுதினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கல்லீரல் பாதிப்புக் காரணமாக 2007இல் சிங்கப்பூரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவிலும் 12 வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது.

பாரசிட்டமாலிலும் கணக்கு உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளுக்கு 4 கிராம் உச்சம். டோலோ 650 ஆறு மாத்திரையிலேயே 3.9 கிராம் வந்துவிடும். அதற்கு மேல் சளிக்கு சினரெஸ்ட், மூட்டுவலிக்கு ஜீரோடால்-பி என்று சேர்த்தால் அவற்றுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. கையோடு கொண்டுவந்த பனடாலும் அதேதான். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு உச்சவரம்பு இதைவிடக் குறைவு.

குழந்தைக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஊர்க் கடையில் மூன்று வீரியத்தில் கிடைக்கும். 5 மில்லிக்கு 120 என்று எழுதிய சிரப்பானால் 7.5 மில்லி, 5 மில்லிக்கு 250 என்றால் 3.6 மில்லி, ஒரு மில்லிக்கு 100 என்ற சொட்டு மருந்தானால் வெறும் 1.8 மில்லி. “நம்ம வீட்டுல ஏழரை மில்லிதான் கொடுப்போம்” என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை அந்த அளவு ஊற்றினால் 750 மில்லிகிராம் உள்ளே போய்விடும். கரண்டியால் அளக்க வேண்டாம், சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள்.

சளி, இருமல் சிரப் சிறு குழந்தைக்குத் தேவையே இல்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காரணமான கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் 48 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அனுமதி 0.1 விழுக்காடுதான்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ். சுமார் 21 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சுமார் 4 கிராம் சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். மலத்தில் இரத்தம் இருந்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செந்தூரம், பற்பம், மெழுகு என்று முடியும் சித்த மருந்துகள் பலவற்றில் பாதரசமோ வேறு உலோகமோ சேரும், அது அந்த மருத்துவத்தின் முறை. தேர்ந்த மருத்துவர் பார்த்துத் தருவது வேறு, சந்தையில் பெயரில்லா டப்பாவில் விற்கும் மூட்டுவலிப் பொடி வேறு. இரண்டே நாளில் மூட்டு வலி மாயமானால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கஞ்சா, பாங், வலி மாத்திரை

கல்லூரி வயதுப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும் பெற்றோர் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம். போதைப்பொருள் தவறாகப் பயன்படுத்துதல் சட்டத்தின் 8ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சோதனைச் சாவடியில் சிறுநீர் பரிசோதனை நடக்கும், முடியைச் சோதித்தால் மாதக்கணக்கில் பழசும் தெரியும்.

காசி யாத்திரை போகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அங்கே அரசு உரிமம் பெற்ற பாங் கடை உண்டு. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாலில் கலந்து பிரசாதம் போலவே நீட்டுவார்கள். பாங் கஞ்சாச் செடியின் இலை. அங்கே கடையில் விற்கிறது என்பது சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது. உடம்புக்கும் அது எளிதான பொருள் இல்லை. தின்ற, குடித்த கஞ்சா ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு டம்ளர் குடிப்பார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறி நெஞ்சு படபடத்து, பயம் பிடித்து ஆட்டும். சின்னக் கடைகளில் பிடிபடும் கஞ்சா சாக்லேட்டும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி கைப்பற்றுவது டாபென்டடால் வலி மாத்திரை. இளைஞர்கள் அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைப் பிடித்து வைக்கும் மாவுப்பொருள் கரையாது, நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் ஹெப்படைட்டிஸ் சியும் தொற்றும். மருந்து மிஞ்சினால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும். உதடு நீலமாகி, எழுப்பியும் எழாதவரை “தூங்கட்டும்” என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தாலும் மூச்சு இப்படியே அடங்கும். அதைப் பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்தியாவில் போதை மீட்பு உதவிக்கு 14446.

திரும்பும்போது

சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவு வரை மருந்து கொண்டுவரலாம். தூக்க மாத்திரை, பதற்றம் தணிக்கும் மாத்திரை, கடும் வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றில் பலவற்றுக்கு சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மருந்தின் மூலப்பெயரை ஆணையத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்து, பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். ஊரில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதே அனுமதி ஆகாது. சந்தேகம் இருந்தால் சாங்கியில் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம்.

“தம்பிக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துடுங்க” என்று விமான நிலையத்துக்கே வந்து பொட்டலம் தருபவர்களிடம் முகம் கோணாமல் மறுத்துவிடுங்கள். அது உங்கள் மருந்து இல்லை. உள்ளே போதைப்பொருள் இருந்தால், தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில்தான் விழும். குட்கா, கைனி, மூக்குப்பொடி இவையும் இங்கே தடை.

சமையல் பையில் ஒன்றைத் தனியாகத் தேட வேண்டும்: கசகசா. அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் தடைசெய்த பொருள். அம்மா கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்துக்குள் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். குருமா கெட்டியாக வர முந்திரியை அரைத்து ஊற்றினால் போதும்.