துருவப் பயணத்தில் குழு உடையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அண்டார்க்டிகாவில் பனிவண்டியை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் நடக்கப் புறப்படுகிறவர்கள் குளிருக்குத் தயாராகும் அளவுக்குத் தங்களுக்குள் வரக்கூடிய மனத்தாங்கலுக்குத் தயாராவதில்லை. அது பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தொடங்கும் என்பதால், பங்கிடும் முறையைப் புறப்படுமுன்பே முடிவு செய்துவிடுங்கள். 1902-03இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிகா பயணக்குழுவைச் சேர்ந்த ஸ்காட், ஷாக்கில்டன், வில்சன் மூவரும் தெற்கு நோக்கி நடந்தபோது, ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இன்னொருவர் ஒரு பங்கைச் சுட்டிக்காட்டி "இது யாருக்கு?" என்று கேட்பார், பார்க்காதவர் ஒரு பெயரைச் சொல்வார். பங்கு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பழி யார்மீதும் விழாது. பசித்தவன் கண்ணுக்கு அடுத்தவன் தட்டிலுள்ள பருக்கை பெரிதாகத் தெரிவதை அறிவுரை சொல்லி மாற்ற முடியாது.

நடையின் வேகத்தை, குழுவில் மிக மெதுவாக நடப்பவர் வியர்க்காமல் நடக்கும் அளவுக்கு வையுங்கள். வியர்வையில் நனைந்த உள்ளாடை, நின்ற சில நிமிடங்களிலேயே உடம்பைச் சில்லிட வைத்துவிடும். ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நடந்து பத்து நிமிடம் நில்லுங்கள். முன்னால் வழிகாட்டிச் செல்பவரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

நிற்கும்போதெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு பூசியதுபோல் வெளுத்த திட்டு தெரிந்தால், அது மரத்துப்போயிருக்கும் என்பதால் அவருக்கே தெரிந்திருக்காது. உடனே வெறும் உள்ளங்கையை அதன்மேல் பொத்தி வையுங்கள். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கேடு.

கூடாரத்தில் யார் யாரோடு படுப்பது என்பதை நட்பின்படி விட்டுவிடுவது தவறு என்பேன். 1915இல் ஷாக்கில்டனின் 'என்டூரன்ஸ்' கப்பலைப் பனி நசுக்கி, 28 பேரும் மிதக்கும் பனிப்பாளத்தில் கூடாரமடித்தபோது, தன்னை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் புகைப்படக்காரர் ஹர்லியை அவர் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். பனிமேல் தன்னை எதிர்த்துப் பேசிய தச்சர் மெக்நிஷை, அடுத்த ஆண்டு உதவி தேடிச் சிறு படகில் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் புறப்பட்டபோது உடன் அழைத்துச் சென்றார். தச்சர் தேவை என்பது ஒரு காரணம். முணுமுணுப்பு அங்கேயே காத்திருந்த மற்றவர்களிடையே பரவக்கூடாது என்பது இன்னொன்று.

எந்த நாளில், எவ்வளவு உணவு மிச்சமிருக்கையில் திரும்புவது என்பதையும் ஊரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இலக்கு அருகில் இருக்கும்போது யாருக்கும் கணக்கு சரியாக வராது. 1909 ஜனவரி 9ஆம் தேதி ஷாக்கில்டனின் நால்வர் குழு, தென் துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இருக்கையில் திரும்பியது. நால்வரும் உயிரோடு வந்தார்கள். வழியில், அவர்களில் நலிந்திருந்த ஃபிராங்க் வைல்டிடம் ஷாக்கில்டன் தன் காலை உணவான ஒரே பிஸ்கட்டை வற்புறுத்திக் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு நாள்தோறும் தன் பங்கைக் கொடுக்கத் தொடங்கும் தலைவரை, பத்தாம் நாள் மற்றவர்கள் வண்டியில் ஏற்றி இழுக்க வேண்டியிருக்கும்.