பூத்தோரணம் மாலைக்குள் தொய்ந்துபோவது ஏன்?

தங்கை வீட்டுப் பால்காய்ப்புக்கு வாசல் தோரணம் நானே கட்டுகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். செண்டுமல்லி 2 கிலோ, நல்ல மஞ்சளும் ஆரஞ்சும். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து கோர்த்து, விடியற்காலையில் நிலையில் மாட்டியபோது பளிச்சென்று இருந்தது. 10 மணிக்கு முதல் பூ விழுந்தது. பந்தி நடக்கும்போது வாசற்படி முழுக்க இதழ். மேலே இரண்டு ஓரத்திலும் வெறும் நூல். மிச்சப் பூவெல்லாம் சறுக்கி நடுவில் வந்து ஒரே மூட்டையாகத் தொங்கியது. அன்றைக்குத் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசே ஆறவில்லை.

அப்புறம் யோசித்ததில் பிடிபட்டது இது: தலையில் வைக்கிற சரம் வேறு, தோரணம் வேறு. சரத்துக்குக் கொண்டை தாங்கல். சாமி மாலைக்குச் சிலையின் தோள் தாங்கல். தோரணத்துக்கு இரண்டு முனைகளைத் தவிர வேறு பிடிமானமே கிடையாது. தன் எடையைத் தானே நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். வீட்டில் கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருபவை.

முதலில் ஊசி. ஒரு செண்டுமல்லியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சையாக ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். நாம் இதழ் என்று சொல்வது ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனிச் சிறுபூ. அத்தனையும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் செருகியிருக்கின்றன. ஊசியை இதழ்ப் பக்கமாக, மேலோட்டமாக விட்டால் நூல் பிடித்திருப்பது நான்கு இதழை மட்டுமே. அவை உருவிக்கொண்டு வந்ததும் பூவே விழும். நான் அன்றைக்குச் செய்தது அதைத்தான். ஊசி காம்பு வெட்டிய இடத்தில் நுழைந்து, கிண்ணத்தின் நடுவைக் குத்தி, முகத்தில் வெளியே வர வேண்டும். இல்லையென்றால் கிண்ணத்தின் குறுக்கே போகலாம். எப்படியும் பச்சைப் பகுதியைத் தொடாமல் ஒரு பூகூடக் கோர்க்காதீர்கள். காம்பையும் ஒட்ட நறுக்கக் கூடாது. கிண்ணம் திறந்துகொண்டால் இதழெல்லாம் அடிவழியாக உதிரும். கால் அங்குலம் விட்டு வெட்டுவது பாதுகாப்பு.

அடுத்தது நூல். நைலான் நூல் அறாது என்று நம்பி வாங்குகிறோம். அது அறாது, ஆனால் பூவை அறுக்கும். மெல்லிய நைலான் இழை, பூவின் எடை இழுக்க இழுக்க, கிண்ணத்துக்குள் கத்தி மாதிரி இறங்கும். வாழைநார் ஈரமாக இருக்கும்வரை நன்றாக வளையும். வெயிலில் காய்ந்தால் மடிப்பில் ஒடிந்துவிடும். சில மணி நேரம் கழுத்தில் கிடக்கிற மாலைக்கு அது போதும், நிலையில் இரண்டு நாள் தொங்குவதற்குப் போதாது. தடித்த பருத்தி நூலை இரட்டையாகவோ நான்கு இழையாகவோ முறுக்கி, கோணி ஊசியில் போட்டுக் கோர்ப்பதுதான் எனக்குச் சரியாக வந்தது.

பூ நடுவுக்குச் சறுக்குவதற்கு மருந்து, முடிச்சு. 8 அல்லது 10 பூவுக்கு ஒரு முறை நூலில் பெரிய முடிச்சு போட்டு, அதை ஒட்டி மடித்த மாவிலை ஒன்றைக் குறுக்கே கோர்த்துவிடுங்கள். இலை ஒரு தடுப்பு மாதிரி நிற்கும், மேலே உள்ள பூவைக் கீழே வரவிடாது. பார்வைக்கும் இடையிடையே பச்சை அழகுதான். மாவிலையில் ஒரு எச்சரிக்கை: செம்பழுப்பாகப் பளபளக்கும் கொழுந்து இலை பறிக்கத் தூண்டும், மதியத்துக்குள் துவண்டு சுருண்டுவிடும். கரும்பச்சையாக முற்றிய இலைதான் நாலு நாளானாலும் விறைப்பாக நிற்கும். அதை மடித்துத் தென்னை ஈர்க்கால் குத்திக்கொண்டால் ஸ்டேப்ளர் பின் தேவையே இல்லை.

அளவைப் பலரும் கண்ணாலேயே போட்டுவிடுகிறார்கள். நிலை மூன்றரை அடி அகலம், அதாவது 42 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 42 அங்குலத்துக்கே கோர்த்தால் தோரணம் கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும், முனைகளில் இழுப்பும் அதிகம். நடுவில் 8 அங்குலம் தொய்வு வேண்டும் என்றால் 46 அங்குலம் தேவை. 12 அங்குலம் தொய்வுக்கு 50. சணல் கயிறு ஒன்றை நிலையில் பிடித்துத் தொங்கவிட்டு, வளைவு பிடித்த இடத்தில் முடிச்சிட்டு, அதை அளந்தால் கணக்கே வேண்டாம். ஆனால் தலை இடிக்குமா என்று பாருங்கள். 7 அடி நிலையில் ஓரடி தொய்வு விட்டால் நடுவில் 6 அடிதான். பூவின் பருமனும் தொங்கும் இலையும் சேர்ந்தால் ஐந்தரைக்கு இறங்கிவிடும். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து வர, ஒவ்வொரு தலையும் பூவை உரசிக்கொண்டு போகும். வாசலுக்கு 8 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஆழமான வளைவு வேண்டுமென்றால் ஹால் சுவரிலோ பூஜையறை மேலோ போடலாம்.

எந்தப் பூவோடு எதைச் சேர்க்கிறோம் என்பதில் கவனம் குறைவு. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் தோரணத்தின் உடம்பில் அதற்கு இடமில்லை. மாலையில் விரிந்து, மறுநாள் காலையில் பழுப்பேறிவிடும். பக்கத்திலிருக்கும் செண்டுமல்லியோ அப்போதும் புதுசாக இருக்கும். மல்லி வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் குஞ்சமாகத் தனியே கட்டித் தொங்கவிடுங்கள், மறுநாள் கழற்றி மாற்றலாம். நடுப்பகுதிக்குச் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி நல்லது. வாடாமல்லி பேருக்கேற்றபடி காய்ந்தும் நிறம் விடாது. அரளி லேசான பூ, நூலுக்குச் சுமையில்லை, ஆனால் அதன் பூ, இலை, காம்பு எல்லாமே நஞ்சு. தவழ்கிற குழந்தையோ ஆடு மாடோ இருக்கிற வீட்டில் கைக்கும் வாய்க்கும் எட்டுகிற உயரத்தில் அரளி தொங்கவே கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தண்ணீர் விஷயம். பூ வாடக் கூடாது என்று பாசத்தோடு தெளித்துத் தெளித்தே கெடுத்துவிடுகிறோம். செண்டுமல்லியின் அடுக்கு இதழ்கள் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும். எடை கூடும், உள்ளே அழுகும், மறுநாள் ஒரு புளித்த வாடை வரும். சந்தையிலிருந்து கட்டிய பிளாஸ்டிக் பையிலேயே பூவை வைத்திருப்பதும் இதே கதைதான். பறித்த பூவும் மூச்சு விடுகிறது, பைக்குள் சூடு ஏறும். கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும். வந்த உடனே உதிரிப்பூவை நியூஸ்பேப்பரில் பரப்பி, நிழலில் ஆறவிட்டு, ஈரம் போன பிறகு கோர்க்க உட்காருங்கள். மல்லிக்கு மட்டும் ஈரத்துணி மூடல் போதும்.

மாட்டுவதற்கு செல்லோ டேப்பை நம்பாதீர்கள், ஒரு கிலோவுக்கு அது தாங்காது. பண்டிகைக்குப் பண்டிகை நிலையில் ஆணி அடிப்பதும் மரத்துக்கு நல்லதல்ல. இரண்டு மூலையிலும் நிரந்தரமாகத் திருகு கொக்கி போட்டுவிடலாம். கதவோ கிரில் கேட்டோ திறக்கும்போது உரசுகிறதா என்று பூ இல்லாமலே கயிறு கட்டி ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். விளக்கு எரியும் மாடத்துக்கு மேலே காய்ந்த தோரணத்தை விட்டுவைப்பது ஆபத்து. நிறம் மங்கினதும் இறக்கிவிடுங்கள்.

இறக்கிய பிறகு, பருத்தி நூல் என்றால் கவலையில்லை. சின்னச் சின்னதாக நறுக்கி அப்படியே ரோஜாத் தொட்டியில் மண்ணோடு கிளறிவிடுகிறேன், நூலும் மக்கிப்போகிறது. கொக்கி இரண்டும் அடுத்த பண்டிகைக்காக நிலையிலேயே இருக்கின்றன.