டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்: குடும்பச் சுற்றுலாச் செலவை ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

"மே மாசம் ஊட்டி போலாமா?" என்று யாராவது வாயெடுத்தால் போதும், எங்கள் வீட்டில் மூன்று போன்கள் வெளியே வந்துவிடும். ஒன்றில் விமானம், ஒன்றில் ரயில், ஒன்றில் வாடகைக் கார். பத்தாவது நிமிடம் யாரோ ஒருவர், "ஃப்ளைட்டே தலைக்கு 2,900தான்பா!" என்பார். அந்தக் குரலை நம்பி ஒரு வருடம் பணம் கட்டியவன் நான்.

நாங்கள் ஆறு பேர். நான், மனைவி, பதினொன்றும் நாலும் வயதான இரண்டு பிள்ளைகள், என் அப்பா அம்மா. 2,900 வீதம் ஆறு பேருக்கு 17,400. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் கன்வீனியன்ஸ் ஃபீஸ் தலைக்கு 350. பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைக்க முடியாது என்று சீட் தேர்வு செய்ததில் தலைக்கு 250. குரோம்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் கூப்பிடு தூரம்தான், ஆனால் ஆறு பேரும் பெட்டிகளும் ஒரு வண்டியில் அடங்காது. இரண்டு வண்டிக்கு 600. கோவை விமான நிலையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், அதுவும் மலை. பெரிய வண்டிக்கு 4,500. எல்லாம் சேர்த்தால் 26,100. இது போவதற்கு மட்டும்.

விமானம் மோசம் என்று சொல்லவில்லை. 17,400-ஐ ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டதுதான் தவறு. ஒப்பிட வேண்டியது நம் வீட்டு வாசலில் இருந்து அறை வாசல் வரை ஆகும் மொத்தச் செலவை. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

ஸ்டேஷன் பெயரை நம்புவது

கொடைக்கானல் போகிறவர்கள் 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது இருப்பது அடிவாரத்தில், அம்மையநாயக்கனூர் பக்கம். அங்கிருந்து கொடைக்கு இன்னும் 80 கிலோமீட்டர். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த 80 கிலோமீட்டர் டாக்ஸி வாடகை, சென்னையிலிருந்து அந்த ஸ்டேஷன் வரைக்குமான ஸ்லீப்பர் டிக்கெட் செலவைத் தாண்டிப் போவது சாதாரணம்.

மூணாறும் அப்படித்தான். பலரும் ஆலுவா வரைக்கும் டிக்கெட் தேடுகிறார்கள். அங்கிருந்து மூணாறு நூறு கிலோமீட்டருக்கு மேல். 2023 ஜூனில் இருந்து போடிநாயக்கனூர் வரை அகலப்பாதையில் ரயில் ஓடுகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் நேரடி ரயிலும் உண்டு. போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு எழுபது கிலோமீட்டருக்குள்தான். நாள் ஒத்து வந்தால் டாக்ஸி வாடகையில் கணிசமாக மிச்சமாகும். கேரளத்துக்குள் நுழைகிற வாடகை வண்டிக்கு பெர்மிட் செலவு தனி, அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

தலைக்கணக்கும் வண்டிக்கணக்கும்

ரயிலும் விமானமும் தலைக்கணக்கு. காரும் அறையும் அப்படியில்லை. இரண்டு பேர் போனாலும் ஐந்து பேர் போனாலும் காருக்கு ஊற்றும் பெட்ரோல் ஏறத்தாழ ஒன்றுதான். சென்னையிலிருந்து ஊட்டி போய் வர, உள்ளூர் சுற்றலும் சேர்த்து 1,250 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கிடைத்தால் 83 லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 8,300 ரூபாய். இரண்டு பேருக்கு இது ரயிலைவிட அதிகம். ஐந்து பேருக்கு ஏசி ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் கதை மாறும். அதனால் "கார்தான் சீப்" என்று அலுவலக நண்பர் சொன்னால், முதலில் அவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

டோலைக் கூட்ட மறக்காதீர்கள். சொந்தக் காருக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது. அறிமுக விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும்தான். ஒரே ஒரு ஊட்டிப் பயணத்துக்காக வாங்கினால் நஷ்டம். தீபாவளி, பொங்கல் என்று ஊருக்கும் ஓடுகிறவர்களுக்கு லாபம். அப்போதும் மொத்த 3,000-ஐயும் இந்த ஒரு பயணத்தின் தலையில் கட்டாதீர்கள்.

எங்கள் கார் ஐந்து பேர் உட்காருவது, நாங்கள் ஆறு பேர். "சின்னவனை மடியில வச்சுக்கலாம்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். பர்லியாறு தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அந்த மடியின் கதி என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொந்தக் கார் எங்கள் பட்டியலிலேயே இல்லை.

ஒரே பையனுக்கு மூன்று விதமான வயதுக்கணக்கு

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ரயிலில் 5 வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். பெர்த் வேண்டும் என்றால் 2016 ஏப்ரலில் இருந்து முழுக் கட்டணம். விமானத்தில் 2 வயது முடிந்தால் பெரியவர் கட்டணம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஹோட்டலில் ஒவ்வோர் இடத்துக்கு ஒரு விதி. ஐந்துக்கு மேல் காசு என்பார்கள், எட்டுக்கு மேல் என்பார்கள், எக்ஸ்ட்ரா பெட் கட்டாயம் என்பார்கள். ஆக, என் பெரியவன் ரயிலில் அரை ஆள், விமானத்தில் முழு ஆள், ஹோட்டலில் ஒரு மெத்தை.

அந்த அரை டிக்கெட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். சென்ட்ரலில் ஏறிய பதினொரு வயதுப் பையன் கீழ் பெர்த்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டான். என் மனைவி அதே பெர்த்தின் ஓரத்தில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி ஈரோடு, திருப்பூர் எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள். மிச்சமான தொகையை இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். இரவுப் பயணத்துக்கு முழு டிக்கெட்டைப் போட்டே ஒப்பிடுங்கள். பகல் ரயிலில் வேறு கணக்கு.

அப்பா ஒவ்வொரு வருடமும், "எனக்கு சீனியர் சிட்டிசன் கன்செஷன் உண்டுல்ல?" என்று கேட்பார். 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த அந்தச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கையில் பழைய கணக்கை வைத்துக்கொண்டு பட்ஜெட் போடும் பெரியவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

வேறு வேறு நாள் விலையை ஒப்பிடுவது

விமான டிக்கெட் பல மாதங்களுக்கு முன்பே கிடைக்கும். ரயிலில் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. பிப்ரவரியில் உட்கார்ந்து மே மாதப் பயணத்துக்கு ஒப்பிட்டால் ரயில் பக்கம் காலியாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து விமானம் போடுவது ஒரு தவறு. ரயில் திறக்கட்டும் என்று மார்ச் முழுக்கக் காத்திருந்து, அதுவும் கிடைக்காமல், ஏறிப்போன விமான விலையைக் கட்டுவது இன்னொரு தவறு. நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

மூன்றாவது தவறு இதைவிட மோசம். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பும் டிக்கெட்டை மறப்பது. நாலு நாள் பயணம் என்றால் திரும்பும் தேதிக்கு முன்பதிவு நாலு நாள் கழித்துத்தான் திறக்கும். எட்டு மணிக்கு அலாரம் வைத்து, மேட்டுப்பாளையம் போகிற நீலகிரி எக்ஸ்பிரஸில் ஆறு டிக்கெட் எடுத்தவன், நாலாம் நாள் எட்டு மணிக்கு டூத் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். எட்டே காலுக்குப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட். கடைசியில் தத்கால். தத்காலில் ஒரு பிஎன்ஆருக்கு நாலு பேர்தான், சாதாரண டிக்கெட்டுக்கு ஆறு. அதனால் இரண்டு டிக்கெட், இரண்டு பெட்டி, இரண்டு பதற்றம். உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது. ஆகவே போக-வர இரண்டும் கையில் கிடைக்கும் வரை எந்த வழி மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு இருக்கட்டும்; 2025 ஜூலை முதல் ஆன்லைன் தத்காலுக்கு அது கட்டாயம்.

வாடகைக் காரின் மினிமம்

கிலோமீட்டருக்கு 14 ரூபாயா, 16 ரூபாயா என்று பேரம் பேசுவோம். பில்லை முடிவு செய்வது பெரும்பாலும் அது இல்லை, ஒரு நாளைக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் என்கிற மினிமம்தான். கோவையில் வண்டி பிடித்து நாலு நாள் ஊட்டியில் வைத்துக்கொண்டால், உண்மையில் ஓடுவது 300 கிலோமீட்டர் இருக்கலாம். பில் வருவது நாலு 250, அதாவது 1,000 கிலோமீட்டருக்கு. 14 ரூபாய் வீதம் 14,000. இதோடு டிரைவர் பேட்டா, மலை பேட்டா, பார்க்கிங். வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியதில் இருந்து ஷெட்டுக்குத் திரும்பும் வரை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கிவிட மட்டும் ஒரு வண்டி, சுற்றிப் பார்க்கும் நாளுக்கு மட்டும் உள்ளூர் வண்டி என்று பிரித்தால் பல சமயம் குறையும். சென்னையிலிருந்தே வண்டி எடுப்பவர்களுக்கு இந்த மினிமம் அவ்வளவு உறுத்தாது, தூரமே அதைச் சாப்பிட்டுவிடும்.

வண்டியில் போகிறவர்கள் அறையைப் போட்டுவிட்டு இ-பாஸைக் கடைசியில் தேடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். பாஸுக்குக் காசு இல்லை. ஆனால் நீங்கள் போகிற நாளுக்குப் பாஸ் கிடைக்காமல், கட்டிய அறை வாடகையும் திரும்பாது என்றால் அதுதான் பயணத்திலேயே பெரிய செலவு. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அறை வாடகையில் ஒளிந்திருப்பவை

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. எனவே 7,400 ரூபாய் அறை 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். திரையில் 200 ரூபாய் வித்தியாசம், கையில் 1,198. தேடும்போது வரி சேர்ந்த விலையைக் காட்டச் சொல்லுங்கள். காலை உணவு ஆறு பேருக்கும் சேர்த்தா, இரண்டு பேருக்கா என்பதையும் கேளுங்கள்.

இரவு ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்பார்கள். பாதி உண்மை. மேட்டுப்பாளையத்தில் விடிகாலை ஆறேகாலுக்கு இறங்கி டாக்ஸி பிடித்தால் ஒன்பதுக்கெல்லாம் ஊட்டி. அறை தருவது பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி, சின்னவனுக்குத் தூக்கம், ரிசப்ஷனில் ஒரே ஒரு சோபா. முன்கூட்டியே அறை திறக்க அரை நாள் வாடகை கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த முறை மலை ரயிலில் இடம் கிடைத்தது. ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பி 46 கிலோமீட்டரை நிதானமாக ஏறி, நண்பகல் வாக்கில்தான் ஊட்டி சேர்க்கும். நேராக அறைக்குப் போனோம். அதன் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், நீலகிரி எக்ஸ்பிரஸ் எடுக்கிற அன்றே இதையும் எடுக்க வேண்டும்.

திரும்பும் நாளிலும் இதே இடைவெளி இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். சென்னை ரயில் மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். நடுவில் பத்து மணி நேரம், ஆறு பேர், எட்டுப் பை. ஒரு வருடம் அதற்காக முழு நாள் வண்டி எடுத்தோம். போன வருடம் பைகளை ரயில் நேரம் வரை ஹோட்டலிலேயே போட்டுவைத்து, பிறகு எடுத்துக்கொண்டு இரண்டு மணி மலை ரயிலில் இறங்கினோம். ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம். மீதி நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி, டீ, சின்னவன் அடம்பிடித்த பலூன் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். அப்பா அதையும் நோட்டில் எழுதச் சொன்னார்.