பைத்தானில் முன்னுரிமை: பிழைச்செய்தியே வராத தவறுகள்

பைத்தான் நிரல்மொழியில் எந்தக் குறியின் கணக்கு முதலில் நடக்கும் என்பதுதான் முன்னுரிமை. பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்தது, அதை விட்டுவிடுவோம். புதியவர்களின் நிரல்களைச் சரிபார்க்கும்போது, எப்போதோ நான் செய்த அதே கூத்துகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. கணக்கு தப்பாக இருக்கும், பைத்தான் வாயே திறக்காது.

## வகுத்தல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாதது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். தாளில் பின்னம் எழுதினால் நடுவில் போடும் கோடே மேலே எது, கீழே எது என்று பிரித்துவிடும். தட்டச்சு செய்யும்போது அந்தக் கோடு இல்லை.

இருபடிச் சமன்பாட்டின் (ஏx² + பிx + சி = 0) மூலம் காண ஒருவர் இப்படி எழுதியிருந்தார் (`**` என்றால் பைத்தானில் அடுக்கு; தன்மைகாட்டி என்பது பி² - 4ஏசி):

`(-பி + தன்மைகாட்டி**0.5) / 2*ஏ`

ஏ, பி, சி மூன்றுக்கும் 1, -5, 6 கொடுத்து ஓட்டிக் காட்டினார். 3.0 வந்தது. சரியான விடை. "டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு" என்றார். நான் 2, -10, 12 கொடுக்கச் சொன்னேன். அதே சமன்பாட்டின் இரு மடங்குதான், விடை மாறக் கூடாது. வந்தது 12.0.

அப்புறமும் அவர் துருவியது தன்மைகாட்டி கணக்கிடும் வரியைத்தான்! அதில் ஒரு குறையும் இல்லை. `/`, `*` இரண்டும் ஒரே தரம். இடமிருந்து வலமாக நடக்கும். 12-ஐ 2-ஆல் வகுத்து, வந்த 6-ஐ மறுபடி 2-ஆல் பெருக்கிவிட்டது. `2*ஏ` என்று நெருக்கி எழுதியது நம் கண்ணுக்குத்தான். பைத்தான் அந்த இடைவெளியைச் சட்டை செய்வதில்லை. `/ (2*ஏ)` என்று எழுத வேண்டும்.

ஏ 1 ஆக இருந்தால் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றுதான், அதனால்தான் முதல் சோதனையில் தவறு தப்பித்தது. தயவுசெய்து 1 போட்டுச் சூத்திரத்தைச் சோதிக்காதீர்கள். 3, 7 என்று ஏதாவது போடுங்கள்.

## வர்க்கமூலத்துக்கு `**1/2`

`9**1/2` தருவது 3 அல்ல, 4.5. அடுக்கு முதலில் முடிந்து, பிறகு 2-ஆல் வகுபடும். 4 போட்டுப் பார்த்தவர்களுக்கு 2.0 என்று சரியாகவே வந்து தொலைக்கும். `**0.5` போதும்.

## மைனஸ் குறி

`-2**2` என்றால் -4. அடுக்குக்குப் பிறகுதான் மைனஸ். `//` (ஈவை முழு எண்ணாகத் தரும் வகுத்தல்) வந்தால் தலைகீழ்: மைனஸ் முதலில் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். `-7//2` தருவது -4, `-(7//2)` தருவது -3. `//` எப்போதும் கீழ்நோக்கியே முழுதாக்கும்.

## `2**3**2`

512. வலமிருந்து இடம்: முதலில் `3**2`, பிறகு `2**9`.

## `^`

அடுக்கு இல்லை, பிட் எக்ஸார்: இரு எண்களின் இரும இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடும். `2^3` என்றால் 1. `2^3+1` என்றால் 6, ஏனென்றால் அதைவிடக் கூட்டல் முந்திக்கொள்ளும்.