சென்னையில் பில்டராகக் கால் வைப்பவர்கள் முதல் ப்ராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைட் இன்ஜினியராக ஐந்தாறு வருஷம், இல்லை ஃபிளாட் விற்கும் வேலையில் நாலு வருஷம் ஓட்டியபின், "நாமே ஒரு ஜேவி (ஜாயின்ட் வென்ச்சர், நில உரிமையாளரோடு கூட்டு) எடுத்துச் செய்தால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. நிலம் வாங்கப் பணம் இல்லாவிட்டாலும், பழைய வீட்டுக்காரரோடு கூட்டு சேர்ந்து இடித்துக் கட்ட இந்த ஊரில் வழி இருக்கிறது. இப்படி இறங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கட்டடத்தில் அல்ல. முதல் லோடு செங்கல் இறங்குவதற்கு முன்பே, கணக்கிலும் பத்திரத்திலும் சறுக்கிவிடுகிறார்கள்.

கணக்கில் எங்கே தப்புகிறது என்று பார்ப்போம். 2 கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. உயரம் 18.3 மீட்டருக்குள் நிற்கும் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 2 என்பதால் 9,600 சதுர அடி கட்டலாம். உரிமையாளருக்குப் பாதி போக, நீங்கள் விற்கக்கூடியது 4,800. கட்டுமானச் செலவு அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏரியாவில் விற்கும் விலையிலிருந்து அந்த 2,500-ஐக் கழித்து லாபம் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 9,600 அடிக்கும் செலவு உங்களுடையது: 2.40 கோடி. விற்கும் 4,800 அடியால் வகுத்தால் அடக்கம் அடிக்கு 5,000.

இதோடு முடியவில்லை. கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம் எஃப்எஸ்ஐயில் சேராது, ஆனால் தூணும் பீமும் ஸ்லாபும் காசில்தான் எழும்பும். அது 2,400 அடி, அடிக்கு 1,200 ரூபாய் என்றால் 28.8 லட்சம், அடக்கம் 5,600 ஆகிவிட்டது. சம்ப், லிஃப்ட், மின் இணைப்பு, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கட்டணங்கள், வீட்டை விட்டு வெளியே குடியிருக்கும் உரிமையாளருக்குத் தரும் வாடகை எல்லாம் இதற்கு மேல். ஒன்றரை வட்டிக்கு 1.5 கோடி புரட்டியிருந்தால் மாதம் 2.25 லட்சம். ஆறு மாதம் இழுத்தால் 13.5 லட்சம் வட்டியிலேயே போய்விடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் முழுசாகப் போட்டுப் பார்க்காமல் உரிமையாளரிடம் சதவீதம் பேசவே உட்காரக் கூடாது.

அந்த 4,800 அடியே நிச்சயமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பத்திரத்தில் ஒரு அளவு, டவுன் சர்வே பதிவேட்டில் ஒரு அளவு, டேப் பிடித்தால் ஒரு அளவு என்று இருக்கும். அனுமதிக்குப் போகும்போது மூன்றில் குறைந்ததுதான் நிற்கும். பதிவேட்டில் 4,650 என்றால் கட்டும் பரப்பில் 300 அடி போயிற்று. சர்வேயரை வைத்து அளந்தபிறகுதான் அட்வான்ஸ். ரோட்டு அகலத்தையும் மனைக்கு முன்னால் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள்; மெயின் ரோட்டிலிருந்து மனை வரை எங்கே குறுகுகிறது என்று நடந்து பாருங்கள். 9 மீட்டருக்குக் குறைந்தால் பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் பரப்பு, கிடைக்காது.

அடுத்தது பத்திரம். "பட்டா அவர் பேரில்தான் இருக்கு, ஈசியும் (வில்லங்கச் சான்று) க்ளீன்" என்ற ஒரே வரியை நம்பி லட்சங்களைக் கொடுப்பது மிகப் பெரிய ஆபத்து. பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அது மட்டும் உரிமையைத் தந்துவிடாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். பதியாத உயில், வாய்மொழிப் பாகப் பிரிவினை, கோர்ட்டில் நடக்கும் வழக்கு எதுவும் அதில் தெரிய வேண்டும் என்பதில்லை. மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசல் இல்லை என்றால் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். புறநகர் நிலங்களுக்கு 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுக்கப்பட்டதா என்று தனியாகக் கேளுங்கள். சட்டம் 1999-இல் ரத்தானாலும் அப்போது கையகப்படுத்திய நிலம் அரசுடையதுதான்.

அடிக்கடி தவறவிடும் ஒரு வாரிசு உண்டு. இந்துக் குடும்பத்தில் ஒருவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு. தாயார் பிறகு இறந்திருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் அத்தையும் சித்தப்பாவும் இருக்கலாம். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணாமல், குடும்ப மரத்தை வரைந்து, யார் எந்த வருஷம் இறந்தார் என்று எழுதிப் பாருங்கள். உரிமையாளர் தந்த பவர் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) வைத்துக்கொண்டு ஒருவர் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

ஜேவி ஒப்பந்தத்தில் "18 மாதத்தில் முடித்துத் தரப்படும்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். எப்போதிலிருந்து 18 மாதம்? வீடு காலியான நாளா, அனுமதி கிடைத்த நாளா? இரண்டில் பின்னால் வருவது எதுவோ அதிலிருந்து என்று எழுதாவிட்டால், அப்ரூவலுக்குக் காத்திருந்த காலத்துக்கும் நீங்கள்தான் வாடகை கட்ட வேண்டும். எந்த மாடி, எந்த மூலை, எந்த கார் பார்க்கிங் யாருக்கு, யுடிஎஸ் (நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, உரிமையாளர் பங்குக்கான ஜிஎஸ்டி யார் தலையில் என்பதை வரைபடத்தோடு இணைத்துப் பதிவு செய்யுங்கள்.

மண் பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண், பைல் ஃபவுண்டேஷன் (ஆழமாகத் தூண் இறக்கும் அடித்தளம்) தேவைப்படலாம். பரங்கிமலைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் உண்டு. வீடுகளுக்கு நடுவே வெடி வைக்க முடியாது, பிரேக்கர் வைத்து உடைக்கும் செலவை யாரும் முன்கூட்டிப் போட்டிருக்க மாட்டார்கள்.

விற்பனையில் அவசரம் வேண்டாம். மேலே சொன்ன மனை 446 சதுர மீட்டர். அதில் 8 வீடு என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டியதில்லை. இன்னொரு கிரவுண்டு சேர்ந்தால் 669. நிலம் 500 சதுர மீட்டர், வீடு 8 என்ற வரம்புகளில் எதைத் தாண்டினாலும் பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு. பதிவு எண் வருமுன் "ப்ரீ லாஞ்ச்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுப் புக்கிங் பிடிப்பதும் மீறல்தான். பதிவு செய்யாவிட்டால் ப்ராஜெக்ட்டின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். பதிவு செய்த ப்ராஜெக்ட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தந்தால்தான் எடுக்கலாம். முதல் ப்ராஜெக்ட்டின் புக்கிங் பணத்தை அடுத்த நிலத்துக்கு அட்வான்ஸாகக் கொடுத்துச் சிக்கிக்கொள்பவர்கள் நிறைய. பூச்சு வேலை நடக்கும்போது கொத்தனாருக்குக் கூலி இல்லாமல் சைட் நின்றுவிடும்.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. சேல்ஸில் இருப்பவர் பில் ஆஃப் குவான்டிட்டீஸை, அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு அளவு என்ற பட்டியலை, திறந்தே பார்ப்பதில்லை. சைட்டில் இருப்பவர் ஒரு வில்லங்கச் சான்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. தனியாகப் போவதற்கு முன் ஒரு வருஷமாவது மற்ற பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அதிலும் அப்ரூவல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையும் லையசன் வேலை, சம்பளம் குறைவாக இருந்தாலும், கற்றுத் தருவது அதிகம்.

கட்டி முடித்தபின் வரைபடத்தில் இல்லாத ஒரு அறையோ, குறைத்துவிட்ட பக்கவாட்டு இடமோ இருந்தால், முடிப்புச் சான்று தேவைப்படும் கட்டடத்தில் அது நின்றுவிடும். சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது, வாங்கியவர்கள் சாவி கேட்டு வாசலில் நிற்பார்கள். சாவி கொடுத்த பிறகும் கட்டமைப்புக் குறைகளுக்கு ரேராவில் 5 வருஷம் உங்கள் பொறுப்பு. ஆகவே சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு குளியலறையிலும் பைப் போகும் வழியைப் போட்டோ எடுத்து வீட்டு எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வருஷம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தால், எந்த டைல்ஸை உடைப்பது என்று தேட வேண்டியிருக்காது.