லாரி வாடகை யார் தருவது? வியாபாரக் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் சில வருடம் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. ஒருமுறை மதுரைக்குப் போகும் சரக்குக்கு, "வாடகையை நாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். பாதிப் பாதி என்பது என் கணக்கு. முழுசும் எங்கள் கடையே கட்டுகிறது என்பது வாங்கியவர் கணக்கு. பார்சல் லாரி ஆபீஸில் 2 நாள் கிடந்தது.

தப்பு என்னுடையதுதான். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் அவரை விட்டுவிட்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ஆங்கில ஒப்பந்தத்தைத் தமிழாக்கும்போது எதைப் போடுவது என்று யோசிக்காமலே போட்டுவிடுகிறோம். போதாததற்கு 'நம்ம கடை', 'நம்ம பையன் வருவான்' என்று எல்லாவற்றையும் பொதுவாக்கிப் பேசுவது நம் பழக்கம். பேச்சில் அது நெருக்கம். பணம் பற்றிய வரியில் அது வம்பு. "லாரி வாடகை எங்களுடையது, இறக்குக்கூலி உங்களுடையது" என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த வில்லன் 'பார்க்கலாம்'. "விலை கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டவருக்கு "பார்க்கலாம் அண்ணே" என்று பதில் போனால், அனுப்பியவருக்கு அது மரியாதையான 'முடியாது'. படிப்பவருக்கு அது பாதிச் சம்மதம். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்; செய்தியில் முகம் ஏது? "இந்த விலைக்குக் கட்டாது அண்ணே, 500 பீஸ் எடுத்தால் 2 ரூபாய் குறைக்கிறேன்" என்பதிலும் மரியாதை இருக்கிறது, பதிலும் இருக்கிறது.

நாள் குறிப்பதில் இன்னும் குழப்பம். '10ஆம் தேதிக்குள்' என்றால் 10ஆம் தேதி சேர்த்தியா இல்லையா? செவ்வாய்க்கிழமை 'அடுத்த வெள்ளி' என்று எழுதினால் மூன்று நாளா, பத்து நாளா? தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். வெளிநாட்டு ஆர்டர் என்றால் மாதத்தை எழுத்தில் போடுங்கள்: 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

'45 நாள் கடன்' என்பதும் அப்படித்தான். பில் போட்ட நாளிலிருந்தா, சரக்கு இறங்கிய நாளிலிருந்தா? குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்குப் பணம் தரச் சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் எத்தனை நாள் பேசிக்கொண்டாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே பேசவில்லை என்றால் 15 நாள்தான். இது தெரியாமல் எத்தனை பேர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள்!

தொகையில் ஒரே ஒரு சொல் விடுபட்டாலும் செலவுதான். 18 சதவீத வரி உள்ள பொருளுக்கு "50,000 ரூபாய்" என்று மட்டும் எழுதிவிட்டு 59,000க்கு பில் அனுப்பினால் போன் வரும். 'ஜிஎஸ்டி தனி' அல்லது 'ஜிஎஸ்டி சேர்த்து', ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

அப்புறம், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. 'பத்து போடுங்க' என்பதும் 'பாத்து போடுங்க' என்பதும் அதில் ஒரே மாதிரி விழும். விலையைப் பார்த்துப் போடச் சொன்னவருக்கு 10 பீஸ் கட்டி அனுப்பினால் என்ன ஆகும்? இப்போது அநேகமாக எல்லா ஸ்மார்ட்போனிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. எண்ணும் விலையும் வரும் வரியையாவது தமிழ் எழுத்தில் அடிக்கலாம்.

'மேற்படி விஷயமாகத் தங்கள் மேலான கவனத்திற்கு' வகைக் கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் அந்த முதல் வரியைப் படிப்பதே இல்லை. அதைவிட 'அனுப்பப்பட்டுவிட்டது' ஆபத்து. யார், எந்த லாரியில், எப்போது அனுப்பினார்கள்? "நேற்று மாலை அனுப்பினோம், எல்.ஆர். (லாரி ரசீது) போட்டோ கீழே" என்றால் மறுபேச்சு இல்லை.

கடைசியாக வாய்ஸ் மெசேஜ். மூன்று நிமிடப் பேச்சில் நடுவே எங்கேயோ விலை இருக்கும். ஒரு மாதம் கழித்து அதைத் தேடிக் கேட்க யாருக்குப் பொறுமை? பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசி முடித்ததும் கீழே ஒரு வரி அடித்துவிடுங்கள்: "400 பீஸ், பீஸ் 85 ரூபாய், ஜிஎஸ்டி தனி, வாடகை உங்களுடையது, 14ஆம் தேதி செவ்வாய் லோடு ஏறும்."